ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று... அதுவரை என்ன செய்வது?

புற்றுநோய் என்று உறுதியாகி, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் வாசகர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. புற்றுநோய் அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, செவிலியர் துறைகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு 46 வயது. இடது மார்பில் 2 செ.மீ. கட்டி. பயாப்ஸியில் கேன்சர் என்று வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பரவிவிடாதா? ஊசி குத்தியதாலேயே பரவிவிடும் என்று நாத்தனார் சொல்கிறார். ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்று வேறு இருக்கிறது. தூக்கமே இல்லை.
- வாசகி, திண்டுக்கல்

முதலில் கிரேடு. பலரும் இதைப் பார்த்துவிட்டு மூன்றாம் கட்டம் என்று நினைத்து உடைந்துபோகிறார்கள். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. நுண்ணோக்கியில் பார்க்கும்போது செல்கள் எந்த அளவுக்கு உருமாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைச் சொல்வது கிரேடு. நோய் உடலில் எங்கே, எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் சொல்வது ஸ்டேஜ். கிரேடு 3 கட்டி முதல் கட்டத்திலும் இருக்கலாம். அதே ரிப்போர்ட்டில் ‘இன்வேசிவ்’ என்று இருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். பால் நாளத்தின் சுவரைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் வந்திருக்கிறது என்றுதான் பொருள். உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று பொருள் இல்லை.

பயாப்ஸிக்காக ஊசி குத்தியதால் மார்பகப் புற்றுநோய் பரவாது. எந்த வகைக் கட்டி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமல் கத்தியை எடுப்பதுதான் ஆபத்து. அந்தத் தகவலைத் தருவது பயாப்ஸி மட்டுமே.

இனி மூன்று வாரம். உங்கள் கையில் தட்டுப்படும் இந்தக் கட்டி போன மாதம் முளைத்ததல்ல. ஒரு செ.மீ. கட்டிக்குள்ளேயே ஏறக்குறைய நூறு கோடி செல்கள் இருக்கும். ஒரு செல் அந்த அளவுக்குப் பெருகப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. எனவே மூன்று வாரத்தில் நிலைமை தலைகீழாகிவிடாது. அதற்காக எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவிகிதம் கூடுகிறது என்று 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. இருக்கிற அபாயத்தில்தான் 6 முதல் 8 சதவிகிதம் கூடுகிறது. நூறு பேரில் ஆறு பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பரிசோதனைக்காக மூன்று வாரம் காத்திருப்பது வேறு. ஆடி முடியட்டும், மகன் பரீட்சை முடியட்டும், ஒரு மண்டலம் நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம் என்று மூன்று மாதம் ஓட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: “இந்த மூன்று வாரம் எதற்காக?” தியேட்டர் கிடைக்கவில்லையா, ரிப்போர்ட் வர வேண்டுமா, சர்க்கரை இறங்க வேண்டுமா என்று பதில் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அப்படியே கையில் இருக்க வேண்டியவற்றையும் சரிபாருங்கள். பயாப்ஸித் திசுவில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) மூன்றும் பார்த்திருக்க வேண்டும். ஹெர்-2 ‘2+’ என்று வந்தால் அது முடிவல்ல. ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு பரிசோதனை தேவைப்படும். இரண்டு மார்புக்கும் மேமோகிராம், அக்குளுக்கு ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்பதாக இருந்தால் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் மட்டும் போதாது. பயாப்ஸி செய்த லேபிலிருந்து கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீப்பெட்டியை விடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகுக்குள் உங்கள் திசு இருக்கும். அதை வெயில்படும் காரில் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

மார்பை முழுவதும் எடுக்க வேண்டுமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். 2 செ.மீ. கட்டி என்றால் கட்டியை மட்டும் சுற்றுத்திசுவுடன் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கும் முறை பலருக்குப் பொருந்தும். இரண்டு முறைகளிலும் உயிர்பிழைப்பு ஒன்றுதான் என்பதை 2002-ல் வெளியான இருபதாண்டு ஆய்வு முடிவுகள் காட்டிவிட்டன. மார்பை முழுவதும் எடுத்தால்தான் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் அது பழைய நம்பிக்கை. கட்டி பல இடங்களில் இருந்தாலோ, கதிர்வீச்சு கொடுக்க முடியாத நிலை இருந்தாலோ மட்டும் கணக்கு மாறும்.

நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் அக்குள் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போடுவார்கள் என்றால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். பயப்பட வேண்டியதில்லை.

என் அக்காவுக்கு உடனே ஆபரேஷன் இல்லை, முதலில் கீமோ என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?
- வாசகி, நாகர்கோவில்

இல்லை. பெரிய கட்டி, அக்குளில் நெறிக்கட்டி, ஹெர்-2 பாசிட்டிவ், ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் ஆகிய நிலைகளில் கீமோவை முதலில் தருவதுதான் இன்று பெரும்பாலும் சரியான வரிசை. கட்டி சுருங்கினால் மார்பைக் காப்பாற்ற முடியலாம். மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். எடுத்த பிறகு மிச்சம் இருந்தால், அடுத்து எந்த மருந்து என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வார்கள்.

ஒன்றை மட்டும் கீமோ தொடங்கும் முன் கேளுங்கள்: கட்டிக்குள் கிளிப் வைத்தாயிற்றா? அரிசி முனையளவு உலோகக் குறி அது. கீமோவில் கட்டி முழுவதும் கரைந்துவிடுவது உண்டு. நல்ல செய்திதான், ஆனால் எந்த இடத்தை வெட்ட வேண்டும் என்று பிறகு தெரியாது. கிளிப் இல்லாமல் போய்ச் சிக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி கீமோ முடிந்து பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்துக்குள் ஆபரேஷன் இருக்கும். ரத்த அணுக்கள் மீள அந்த இடைவெளி வேண்டும்.

அம்மாவுக்கு 67 வயது. மலக்குடலில் புற்றுநோய். சாதாரணக் கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாமா? தாங்க மாட்டார்.
- வாசகர், சேலம்

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் தயவுசெய்து ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் காரணம் சட்டம். சுயநினைவுடன் இருக்கும் வயதுவந்த ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்ய அவருடைய சம்மதம்தான் வேண்டும். பிள்ளையோ கணவரோ போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது. மலக்குடல் ஆபரேஷனில் வயிற்றில் துளையிட்டு மலம் பையில் சேரும்படி வைக்க வேண்டியிருக்கலாம், சில மாதத்துக்கோ நிரந்தரமாகவோ. மயக்கம் தெளிந்து கண்விழிக்கிற அம்மா, எதுவும் தெரியாமல் வயிற்றில் அந்தப் பையைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? முன்னாலேயே தெரிந்தால், ஸ்டோமா செவிலியர் (இந்தத் துளையையும் பையையும் பராமரிக்கப் பயிற்சி பெற்றவர்) அவரை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்து, புடவை கட்டும் இடத்தையும் மடிப்பு விழும் இடத்தையும் தவிர்த்து, அவர் கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து மார்க்கரால் குறித்துவிடுவார். இந்தக் குறி இல்லாமல் வைத்த துளைதான் பிற்பாடு மடிப்புக்குள் போய், பை ஒட்டாமல் கசிந்து, தோல் புண்ணாகிறது. குறி வைத்தார்களா என்று நீங்களே கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. “உங்களுக்கு என்னவென்று டாக்டர் சொன்னார்னு நினைக்கிறீங்க அம்மா?” என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலான அம்மாக்களுக்குப் பாதி தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவர்களும் மறைப்பார்கள். கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். கேட்காததைத் திணிக்க வேண்டாம். பொய் மட்டும் சொல்ல வேண்டாம். மருத்துவர் பேசும்போது அம்மாவை வெளியே உட்கார வைக்காதீர்கள்.

அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். தாடையோடு எடுத்து, காலிலிருந்து எலும்பும் சதையும் வைத்துத் தைப்பார்களாம். 15 நாள் இருக்கிறது. இன்னும் திருட்டுத்தனமாக ஹான்ஸ் போடுகிறார். வீட்டில் என்ன தயாரிப்பு வேண்டும்?
- வாசகி, மணப்பாறை

ஹான்ஸை இன்றே நிறுத்த வேண்டும். காலிலிருந்து எடுக்கும் சதைக்கு உயிர் கொடுப்பது 2, 3 மி.மீ. அகலமுள்ள ரத்தக்குழாய்கள். நுண்ணோக்கியில் பார்த்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் அவற்றைக் கழுத்துக் குழாய்களோடு இணைக்கிறார்கள். நிகோட்டின் குழாயைச் சுருங்கச் செய்யும். புகைத்தாலும் சரி, வாயில் ஒதுக்கினாலும் சரி, நிகோட்டின் நிகோட்டின்தான். நான்கு வாரம் முன்பே விட்டிருந்தால் நல்லது; 15 நாளும் வீணல்ல. கடைசி நேரத்தில் விட்டால் சளி கட்டும் என்று சொல்லிக்கொண்டு தொடர வேண்டாம். அவரைத் திட்டினால் ஒளிந்து போடுவார், மருத்துவரிடமும் மறைப்பார். நிகோட்டின் பேட்ச் தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். புகையிலையை விடுவதற்கான தேசிய இலவச எண் 1800-11-2356, தமிழிலும் பேசலாம்.

கால் எலும்பு எடுப்பதாக இருந்தால் கால் ரத்தக்குழாய்களுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். ஒருவேளை திட்டம் மாறி முன்கையிலிருந்து தோல் எடுப்பதாகச் சொன்னால், பெரும்பாலும் இடது கைதான், அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப் ஏற்றவோ விடாதீர்கள். வார்டில் ஊசி போட வருபவருக்கு இது தெரிந்திருக்கும் என்று இருந்துவிடாமல், “இந்தக் கை ஆபரேஷனுக்கு” என்று நீங்களே சொல்ல வேண்டும்.

வலியில் ஆடும் பல்லை உள்ளூரில் பிடுங்காதீர்கள். கட்டியின் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி வழியே நோய் எலும்புக்குள் இறங்க வழி கிடைக்கும். பிறகு கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதால், எந்தப் பல் போக வேண்டும் என்பதைப் புற்றுநோய்க் குழுவோடு இருக்கும் பல் மருத்துவர் முடிவு செய்து, பெரும்பாலும் ஆபரேஷனின்போதே எடுத்துவிடுவார். அப்பாவால் வாயை எத்தனை விரல் அளவு திறக்க முடிகிறது என்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு விரல்கூட நுழையாவிட்டால் மயக்கத்தின்போது மூச்சுக்கான குழாயை மூக்கு வழியாக வேறு முறையில் போட வேண்டும். அதற்கான கருவியை முன்பே எடுத்துவைக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின் சில நாள் கழுத்தில் துளையிட்டு, மூச்சுவிட ஒரு குழாய் வைத்திருக்கலாம். அப்போது பேச்சு வராது. அழுதாலும் சத்தம் வராது. இது முன்பே தெரியாதவர்கள் மிகவும் அரண்டுபோகிறார்கள். ஒரு சிலேட்டும் பென்சிலும் வாங்கி, தண்ணீர், வலி, சளி எடு, பக்கம் திருப்பு, ஃபேன் என்று பத்துச் சொற்களை அட்டையில் பெரிதாக எழுதி இப்போதே பழக்குங்கள். உணவு மூக்குக் குழாய் வழியாக, வேளைக்குச் சுமார் 200 மி.லி., இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. மிக்ஸியில் அடித்துத் துணியில் வடிகட்ட வேண்டும். தோலோ கறிவேப்பிலைத் துணுக்கோ போனால் குழாய் அடைக்கும். தலைமாட்டை உயர்த்தி வைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் அப்படியே உட்கார வையுங்கள். படுக்க வைத்துக் கொடுத்தால் நுரையீரலுக்குள் ஏறும்.

சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. ஆபரேஷனுக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?
- வாசகர், கோயம்புத்தூர்

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், குறிப்பாக ஸ்டென்ட்டுக்கான மாத்திரையை. மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சீட்டை விட அட்டைதான் நம்பகமானது. ஸ்டென்ட் வைத்த தேதியும், எந்த வகை ஸ்டென்ட் என்ற டிஸ்சார்ஜ் தாளும் வேண்டும்.

பொதுவாக அவர் சொல்லக்கூடியது இது. ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் 5 நாள் முன் நிற்கும். ஆஸ்பிரின் தொடருமா என்பதை இதய மருத்துவரோடு பேசி முடிவு செய்வார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் சர்க்கரை மாத்திரை இருந்தால் குறைந்தது 3 நாள் முன் நிறுத்த வேண்டும். இதைப் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பட்டினியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும். குளுக்கோமீட்டரில் தெரியாது என்பதால்தான் ஆபத்து. மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் அன்று காலை மட்டும் விடுவார்கள். எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற பி.பி. மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தச் சொல்வது உண்டு. ஆனால் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் அன்று காலை ஒரு மிடறு தண்ணீரில் போடச் சொல்வார்கள். சித்த மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை எல்லாமே மருந்துதான். மறைக்காதீர்கள்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (ஹெச்.பி.ஏ.1.சி.) 8-க்கு மேல் இருந்தால் சர்க்கரை மருத்துவரை இன்றே பாருங்கள். ஓரிரு வாரத்தில் அந்த எண் பெரிதாக இறங்காது. ஆனால் தினசரிச் சர்க்கரையை இன்சுலினால் கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம்; புண் ஆறுவதற்கு அதுவே பெரிய உதவி.

சர்க்கரை சாப்பிட்டால் கேன்சர் வளரும், பால், முட்டை கூடாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. என் மனைவி வெறும் பழச்சாறில் இருக்கிறார்.
- வாசகர், தூத்துக்குடி

உடனே நிறுத்துங்கள். உடம்பு ஒட்டிப்போனவர்களுக்குத்தான் தையல் பிரிவது, சீழ் பிடிப்பது எல்லாம் அதிகம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ இருப்பவருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், வேகவைத்த கோழிக்கறி 100 கிராமில் சுமார் 25 கிராம், பருப்பு 100 கிராமை (வேகவைக்கும் முன் எடை) எடுத்தால் 22 கிராம். இரண்டு இட்லியும் சட்னியும் இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்காது. கூடவே சுண்டல், மீன், முட்டை, தயிர் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் பேரீச்சம்பழத்தை நம்பி இருக்க வேண்டாம். நாள் குறைவாக இருப்பதால் இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றலாமா என்று கேளுங்கள்.

மூன்று பந்து உள்ள ஊதும் கருவி ஒன்று கொடுத்தார்கள். எவ்வளவு ஊதினாலும் பந்து எழும்பவில்லை.
- வாசகர், கரூர்

அது நுரையீரலுக்கான மூச்சுப் பயிற்சிக் கருவி. ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, வாய்க்குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுங்கள். பந்து மேலே நிற்கும்படி மூன்று விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். கருவியை நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சுலபமாக எழும்பும், பயன் இருக்காது. விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை. தலை சுற்றினால் சற்று நிறுத்துங்கள். மூன்றாவது பந்து எழும்பாவிட்டாலும் பரவாயில்லை. கூடவே தினமும் அரை மணி நடை.

காப்பீட்டு அட்டை இல்லை. பணத்துக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?
- வாசகி, விழுப்புரம்

தள்ளிப்போட வேண்டாம், அட்டைக்கு நாளையே அலையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து மாறியிருந்தால் அங்கேதான் நிற்கும். முதலில் அதைப் பாருங்கள். மருத்துவமனையிலும் திட்டத்துக்கென்று ஓர் அலுவலர் இருப்பார். அவர் முன் அனுமதி கேட்டு அனுப்பும்போது பயாப்ஸி ரிப்போர்ட் கட்டாயம்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். வரம்புக்கு மேல் அறை எடுத்தால், பல பாலிசிகளில் மொத்த பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். வெளியூர் சிகிச்சைக்கு ரயிலில் போவதென்றால், மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவிகிதம்.

தாலி, மெட்டி, மூக்குத்தி கழற்றச் சொல்கிறார்கள். மாமியார் சம்மதிக்கவில்லை. பட்டினி எத்தனை மணி நேரம்?
- வாசகி, கும்பகோணம்

உலோகம் கழற்றத்தான் வேண்டும். மின்சாரத்தால் ரத்தக்கசிவை அடைக்கும் கருவியைப் பயன்படுத்துவதால், உலோகம் தொடும் இடத்தில் தோல் வெந்துபோகக்கூடும். விரல் வீங்கினால் மெட்டியும் மோதிரமும் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். மூக்குத்தியைப் பல ஆண்டு கழற்றாதவர்கள் வீட்டிலேயே எண்ணெய் விட்டு, இரண்டு நாள் முன்பே கழற்றிவிடுங்கள். அன்று காலை வார்டில் போராட வேண்டாம். தாலிக்குப் பதில் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொள்வது வழக்கத்தில் உண்டு. கழுத்திலோ மார்பிலோ ஆபரேஷன் என்றால் அதையும் கையில் கட்டிக்கொள்ளலாமா என்று செவிலியரைக் கேளுங்கள். மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தவறாகக் காட்டலாம். அந்த இடத்து முடியை நீங்களே பிளேடால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி புகும். தேவைப்பட்டால் அங்கே கிளிப்பரால் எடுப்பார்கள்.

பட்டினி: இட்லி போன்ற இலேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டம், கறிக்கு 8 மணி நேரம். தண்ணீர், பால் சேர்க்காத காபி போன்ற தெளிந்த பானங்கள் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். மோரும் கஞ்சியும் தெளிந்த பானமல்ல. முதல் நாள் இரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பது தேவையற்ற வதை. ஆனால் வயிறு மெதுவாகக் காலியாகும் கோளாறு இருந்தால் விதி மாறும். உங்கள் மயக்க மருந்து மருத்துவர் சொல்லும் நேரமே முடிவு.

அந்தத் தேதியில் மாதவிலக்கு வந்துவிட்டால்?
- வாசகி, ராமநாதபுரம்

தேதியை மாற்ற வேண்டாம். வார்டுக்குள் வந்ததும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். நாப்கின் வைத்துக்கொள்ளலாம், கப், டாம்பன் வேண்டாம், மயக்கத்தில் உள்ளேயே மறந்துபோகும். விலக்கு வராமல் நாள் தள்ளிப்போயிருந்தாலும் சொல்லுங்கள், சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆனால் சளி, காய்ச்சல், ஆபரேஷன் செய்யும் இடத்தருகே கொப்புளம், எரிச்சலோடு சிறுநீர், இவற்றில் எது இருந்தாலும் அன்று காலை வரை காத்திருக்காமல் முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்.